மலையில் முழுநேர வேலை, ஆன்லைனில் பட்டப்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில், கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் எம்.காம். முடித்தேன்; இரண்டு வருடப் படிப்புக்கு எனக்கு மூன்று வருடம் ஆனது. அப்போதிலிருந்து பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் இலை எடை போடும் இடத்திலும் பார்க்கிறவர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கும் தம்பி, மருத்துவமனை பில்லிங்கில் இருக்கும் பெண், குன்னூரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் தங்கை என்று ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி பெரும்பாலும் அதேதான்.

வேலையை விடாமல் நிஜமாகவே முடிக்க முடியுமா அக்கா?

முடியும். என்னோடு சேர்ந்தவர்களில் பாதியில் விட்டவர்களும் உண்டு, அவர்களில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தால், வேலை கழுத்தை நெரிக்கும் மாதமும் தேர்வு மாதமும் ஒன்றாக வந்து விழும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் காலண்டரைச் சமவெளியில் உட்கார்ந்து போடுகிறார்கள். நமக்கு சீசன், மழை, பனி, இலை வரத்து என்று வருடம் வேறு மாதிரி ஓடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள், அதுதான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். தொலைதூரப் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்க வேண்டிய 30 மணி நேரம் என்று கணக்கு. வகுப்பு கேட்பது, பாடம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். 4 கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். ஒரு முதுகலைப் பட்டம் 80 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 2,400 மணி நேரம், இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வீடு வந்து சமைக்கிறவரிடம் 23 மணி நேரம் எங்கே இருக்கிறது? அதே 2,400-ஐ நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது.

அதனால் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே "அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் முடிக்கலாம்" என்று கேளுங்கள். இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இரண்டு வருட முதுகலைக்கு நான்கு வருடம் வரையும், மூன்று வருட இளங்கலைக்கு ஆறு வருடம் வரையும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் என்று அவர்களே சொல்கிறார்கள், ஒரு டெர்மில் எத்தனை பாடம் எடுப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம், வருடத்துக்கு மூன்று டெர்ம், எட்டு வருடம் வரை நேரம் உண்டு, நடுவில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். வேலையில் இருப்பவர் முதல் டெர்மில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நான் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் படித்தேன். காலை நாலரை முதல் ஆறு வரை ஐந்து நாள், ஞாயிறு காலை நான்கு மணி நேரம், மீதி பஸ்ஸில் கேட்டது.

காலை நாலரையா? இந்தக் குளிரிலா?

ஆமாம், இந்தக் குளிரில்தான். ராத்திரி படித்துப் பார்த்தேன், ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பத்தியை நான்கு தடவை படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் கம்பளிக்குள் உட்கார்ந்தே வீடியோ பார்த்தேன். கட்டன் டீ ஃபிளாஸ்க்கில் முந்தின ராத்திரியே தயாராக இருக்கும், அடுப்படிக்குப் போனால் வீட்டு வேலை ஏதாவது கையைப் பிடித்து இழுத்துவிடும்.

ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஷிஃப்ட் முடிந்து வந்து நேரே தூங்குங்கள், எழுந்த பிறகு அடுத்த ஷிஃப்டுக்கு முன் இரண்டு மணி நேரம் படியுங்கள். தூக்கத்தைத் திருடிப் படித்துவிட்டு ரோலர் பக்கத்திலும் சல்லடை பக்கத்திலும் போய் நிற்கக் கூடாது, கை போய்விடும்.

ஜனவரியில் சேரலாமா, ஜூலையில் சேரலாமா?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

சேர்க்கை வருடத்துக்கு இரண்டு தடவை. ஜனவரி-பிப்ரவரியில் தொடங்கினால் செமஸ்டர் தேர்வு ஜூன் வாக்கில் வரும், ஜூலை-ஆகஸ்டில் தொடங்கினால் டிசம்பர் வாக்கில். அப்படியானால் படித்து முடிக்க வேண்டிய கடைசி இரண்டு மாதம் ஒன்று ஏப்ரல்-மே, இன்னொன்று அக்டோபர்-நவம்பர். நம் ஊரில் இந்த நான்கு மாதமும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல், மே சீசன். மலர்க் கண்காட்சி நடக்கும், குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், அரை மணி நேர வீட்டுப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஹோட்டலில், டாக்ஸியில், கடையில் இருப்பவர்களுக்கு லீவு என்ற வார்த்தையே கிடையாது. அப்புறம் கோடை மழை பெய்து கொழுந்து துளிர்க்கும், ஃபேக்டரிக்கு இலை குவியும், எங்களுக்கும் அதே மாதங்களில்தான் வேலை அதிகம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும், கரண்ட் போகும்.

அதனால் எந்த செமஸ்டரில் சேர்ந்தாலும் கடைசி இரண்டு மாதத்தை நம்பாதீர்கள். ஜனவரி செமஸ்டர் பாடங்களை மார்ச் 31-க்குள் ஒரு தடவை முழுதாகப் படித்து முடித்துவிடுங்கள், ஜூலை செமஸ்டரை செப்டம்பர் கடைசிக்குள். அதற்கப்புறம் கிடைக்கிற நேரமெல்லாம் திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும். முதல் செமஸ்டரில் எனக்கு இது தெரியவில்லை. மே மாதம் படித்துக்கொள்ளலாம் என்று இரண்டு தாளை அப்படியே வைத்திருந்தேன், மே மாதம் வந்தது, ஃபேக்டரியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது, ஒரு தாளில் தேறவில்லை.

எந்தத் தாளை எப்போது எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். ஹோட்டல்காரர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் குறைவு, கணக்கு, புள்ளியியல் மாதிரி கடினமான தாள்களை ஜூலை செமஸ்டரில் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பனியிலும் வெயிலிலும் இலை வரத்து இறங்கிவிடும், அதனால் நமக்கு ஜனவரி செமஸ்டர்தான் கடினமான தாளுக்குச் சரி. தனியார் பள்ளிக்கூட ஆபீஸிலோ ஹாஸ்டலிலோ வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் வரைதான் நெருக்கடி, ஏப்ரல்-மே விடுமுறை கையில் இருக்கிறது, நான் மேலே சொன்னதற்கு நேர் எதிராக அவர்கள் போடலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றுமே, அங்கே இருப்பவர்கள் ஜூலை செமஸ்டர் தொடங்கும்போதே பின்தங்கிவிடுவார்கள். அவர்களுக்கும் ஜனவரியே நல்லது.

கரண்ட், நெட்வொர்க் இரண்டும் நம்ப முடியாதே?

நம்பாமலே படிக்கலாம். நேரலை வகுப்புகளைப் பெரும்பாலும் பதிவு செய்து போடுகிறார்கள், சேருவதற்கு முன் அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நல்ல சிக்னல் கிடைக்கிற இடத்தில், டவுனிலோ ஆபீஸிலோ, ஒரு வாரத்துக்கான வீடியோவையும் பிடிஎஃப்பையும் ஒன்றாக இறக்கி வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இறக்குவது என் வழக்கம். இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் ஒரு பள்ளத்தில் ஒன்றுக்கு டவர் இருக்கும், அடுத்த மேட்டில் இன்னொன்றுக்கு இருக்கும். முக்கியமான பாடக்குறிப்புகளை அச்செடுத்தே வைத்திருந்தேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கும். அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால் கையில் இருக்கிற காகிதம்தான் பாடம்.

அசைன்மென்ட்டைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். உள்மதிப்பீட்டுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் உண்டு, மீதி தேர்வுக்கு. அந்த முப்பது நாம் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து எழுதி வாங்கக்கூடியது, சர்வர் சுற்றிக்கொண்டே நின்றது என்பதற்காக அதை விடக் கூடாது.

தேர்வு எழுத எங்கே போக வேண்டும்?

சேரும் முன்பே தேர்வு மையங்களின் பட்டியலைக் கேளுங்கள். "ஆன்லைன் படிப்பு" என்றாலும் பல இடங்களில் தேர்வு நேரில்தான். சென்னை ஐஐடி படிப்பில் க்விஸ்ஸும் இறுதித் தேர்வும் மையத்துக்குப் போய் எழுதுவதுதான். ஊட்டியில் மையம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் கோவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோவை. நவம்பர் கடைசியில் ஒரு தேர்வு, காலை பத்து மணிக்கு. முந்தின நாளே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அன்றைக்கு ஃபேக்டரிக்கு இலை கொடுத்தவர்களுக்கு இலைக்காசு பட்டுவாடா, லீவு கேட்கத் தயங்கினேன். காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினேன். குஞ்சப்பனைக்கு மேலே மரம் விழுந்து மண்ணும் சரிந்து கிடந்தது. மூன்று மணி நேரம் அங்கேயே நின்றோம், ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தாளை ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பணம் கட்டி எழுதினேன். மழையில் ரோடு அடைத்தது என்பதற்காக மறுதேர்வு வைக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் நவம்பர், டிசம்பர் தேர்வு எதற்கும் முந்தின நாள் மதியமே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிவிடுவேன். சொந்தக்காரர் இல்லாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுக்கலாம். கோத்தகிரி ரோடு அடைத்தால் குன்னூர்-பர்லியார் வழி, அதுவும் அடைத்தால் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கலாம், நேரம் அதிகம் ஆகும், பஸ்ஸும் குறைவு. கடைசித் தேர்வு ஐந்து மணிக்கு முடிந்தால் அன்றே மேலே ஏற அவசரப்படாதீர்கள்.

வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதும் தேர்வு என்றால் சுலபம்தானே?

பயணம் இல்லை, அவ்வளவுதான். லேப்டாப் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்க வேண்டும், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும், மாதிரித் தேர்வு வைத்தால் தவறாமல் எழுதிப் பார்க்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் மழை பெய்தால் மைக்கில் இரைச்சல் ஏறும், அதை வைத்து எச்சரிக்கை வரும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை அதற்காகவே டவுனில் இருக்கும் பெரியம்மாவின் கான்கிரீட் கூரை வீட்டில் போய் எழுதினாள்.

ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா? வேலைக்கு எடுப்பார்களா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தரும் தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம். இதில் "அங்கீகாரம்" என்ற சொல்லைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது, நீங்கள் சேரும் அதே படிப்புக்கு, அதே சேர்க்கைக் காலத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு, அதாவது டெப், தன் தளத்தில் பட்டியல் போடுகிறது. அங்கே நீங்களே பாருங்கள், விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 2024-25 கல்வியாண்டிலிருந்து சேர்க்கைக்கு டெப் ஐடி கட்டாயம். அதற்கு முன் டிஜிலாக்கர் மூலம் ஏபிசி ஐடி எடுக்க வேண்டும், நாம் வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண் அது. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், நம்மவர்கள் பலர் நின்றுபோவது அந்த இனிஷியலில்தான்.

தமிழ்நாடு அரசு வேலைக்கு இன்னொன்றும் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் பட்டம் என்ற வரிசை வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கினால் அரசு வேலைக்கு அது செல்லாது. டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் இருந்தால் முதலில் பிளஸ் டூவை முடியுங்கள்.

எல்லாப் படிப்பும் ஆன்லைனில் உண்டா?

இல்லை. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், கட்டடக்கலை எதையும் இப்படிப் படிக்க முடியாது. நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டும் கேட்டரிங்கும் இந்தத் தடைப் பட்டியலில்தான் இருக்கின்றன, சுற்றுலாவியல், பி.காம்., எம்.பி.ஏ. பக்கம் போகலாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு-ஊட்டச்சத்து போன்றவையும் நிறுத்தப்பட்டன. பிஎச்.டி. கிடையவே கிடையாது.

டவுனில் ஒருவர் "பணம் கட்டுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சேரலாமா?

வேண்டாம். தொலைதூரப் படிப்பை ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த விதிகளில் இடமே இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைதூரக் கல்வி அந்தந்த மாநில எல்லைக்குள்தான் நடக்க வேண்டும், ஆன்லைன் படிப்புக்கு மட்டும் அந்த எல்லை இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேரடியாகக் கட்டுங்கள், ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும். எங்கள் லைன் வீடுகளில் ஒரு அண்ணன் மகளுக்காக இப்படி ஒருவரிடம் இரண்டு வருடம் பணம் கட்டினார். கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பதிவு எண்ணே இல்லை என்று தெரிந்தது. அவர் இலைக்காசில் சேர்த்த பணம் அது, இன்றைக்கும் எனக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

மாதத் தவணை என்று சொல்லி முழுப் படிப்புக்கும் கடன் கையெழுத்து வாங்கும் இடங்களிலும் கவனம் வேண்டும், செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டும் வசதியைக் கேளுங்கள். சென்னை ஐஐடி படிப்பில் சாதி, மாற்றுத்திறன், குடும்ப வருமானம் பார்த்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் கட்டணம் தாங்கக்கூடியதுதான்.

முதலாளியிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். தேர்வுத் தேதி வந்த அன்றே எழுதிக் கொடுத்து லீவு கேளுங்கள். எங்கள் மேனேஜர் முதலில் முகம் சுளித்தார், அடுத்த செமஸ்டரில் அவரே "எப்போ பரீட்சை?" என்று கேட்டு இலைக்காசுக் கணக்கை இரண்டு நாள் முன்னதாக முடிக்க ஆள் போட்டுக் கொடுத்தார். அரசு ஊழியர்கள் துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்...

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் மாமியாரும் "இந்த வயசில் எதுக்கு" என்றுதான் கேட்டார். நான் வாதாடவில்லை, ஞாயிறு காலை நான்கு மணி நேரம் மட்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன், அந்த நேரத்தில் மகளை அவர் பார்த்துக்கொண்டார். கணவரிடம் கேட்டது ஒரு வேளைச் சமையல். பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்றால் யாருக்கும் புரியாது, இந்த நாள், இந்த நேரம், இந்த வேலை என்று கேளுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றையும் வருடத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். படுகர் வீடுகளில் ஹெத்தையம்மன் திருவிழா டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் வரும், டிசம்பர் தேர்வு நீண்டால் அதோடு மோதும். திருவிழாவுக்குப் போகத்தான் வேண்டும், அதற்கு முன்னால் படித்து முடித்திருக்க வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் வராதே?

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் படிப்புகள் இருக்கின்றன. ஆங்கில வழியில்தான் சேர வேண்டும் என்றால், வீடியோவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில். நான் அப்படித்தான் செய்தேன். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து தினம் ஒரு பதிலை ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பழகினேன். லெட்ஜரும் கீபோர்டும் பழகிய கைக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவது வலிக்கும், அந்தப் பழக்கமும் வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு பாதியில் நிறுத்திவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. ஏபிசி கணக்கில் ஏறிய கிரெடிட்கள் ஏழு வருடம் வரை செல்லும். அதிகபட்சக் காலம் முடியவில்லை என்றால் அதே பதிவில் தொடரலாம், முடிந்திருந்தால் மறுசேர்க்கைக்கு வழி இருக்கிறதா என்று மண்டல மையத்துக்கு எழுதிக் கேளுங்கள், இக்னோவில் அது உண்டு. பழைய பதிவு எண், தேறிய தாள்களின் பட்டியல், எத்தனை கிரெடிட் மீதி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். திரும்பத் தொடங்கும் செமஸ்டரில் இரண்டு தாளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஹோட்டலில் இருப்பவர் என்றால் சீசன் முடிந்து ஜூன் மழை தொடங்கியதும் படிவத்தை எடுங்கள், ஜூலை சேர்க்கை அப்போது திறந்திருக்கும்.